மெருகின் எல்லை

நுழையும்முன்

உழைத்து ஓய்ந்த பழைய சரக்குந்து ஒன்றைக் காண்போர் பலர், அதனை எடைக்குப் போடும் இரும்பாகவே கருதுவர். சிலர் மட்டும் அதன் துருவுக்குள் ஒரு தொழிற்காலத்தின் வரலாற்றைக் காண்பர். அத்தகையோர் கையில் அவ்வண்டி மீண்டும் சாலைக்கு வருகிறது. துருவகற்றுவதற்கும் மெருகேற்றுவதற்கும் உடலுழைப்பு மட்டும் போதாது. வேதியியல் அறிவும் பொறுமையும் வேண்டும். எவ்விடத்தில் கையை நிறுத்த வேண்டும் என்னும் தெளிவும் வேண்டும். அக்கலையை அறிமுகப்படுத்துகிறது இப்பாடம்.

மருத்துவமனையில் பிறந்த சிலை

அமெரிக்காவின் மேக் சரக்குந்து நிறுவனத்தில் தலைமைப் பொறியாளராக விளங்கியவர் ஆல்ஃபிரட் ஃபெல்லோஸ் மசூரி. 1932ஆம் ஆண்டில் அவர் மருத்துவமனையில் படுத்திருக்க நேர்ந்தது. இயந்திரங்களோடு பழகிய கைகள் அங்கும் சும்மா இருக்கவில்லை. தடித்த முகமும் அகன்ற மார்பும் கொண்ட புல்டாக் வகை நாய் ஒன்றின் உருவத்தை அவர் தம் கையாலேயே செதுக்கினார். அவ்வடிவத்திற்குக் காப்புரிமையும் பெற்றார். அன்றுமுதல் அந்நாய்ச்சிலை மேக் சரக்குந்துகளின் முகப்பில் நிற்கிறது. மறு ஆண்டு ஏப்ரலில், அமெரிக்கக் கடற்படையின் ‘ஆக்ரான்’ என்னும் வான்கப்பல் அட்லாண்டிக் கடலில் வீழ்ந்தபோது, அதில் பயணம் செய்த மசூரியும் உயிரிழந்தார். அவர் செதுக்கிய சிலை மட்டும் அவருக்குப் பின்னும் பல்லாயிரம் வண்டிகளின்மேல் ஏறிப் பயணம் செய்தது.

நாயின் உருவத்தைத் தேர்ந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. இந்நிறுவனம் 1916ஆம் ஆண்டில் ‘ஏசி’ என்னும் சரக்குந்தை வெளியிட்டது. சங்கிலியால் இயங்கும் பின்சக்கரங்களையும் திண்ம இரப்பர்ச் சக்கரங்களையும் கொண்டது அவ்வண்டி. அதன் ரேடியேட்டர் இயந்திரத்திற்குப் பின்னால் இருந்தது; ஆகவே, முன்பகுதி மழுங்கிச் சரிந்த தோற்றம் பெற்றது. முதல் உலகப் போர்க்களத்தில் சேற்றிலும் குழியிலும் சளைக்காமல் சென்ற அதனை ஆங்கிலேயப் படைவீரர்கள் ‘புல்டாக்’ என்று அழைத்தனர். போர் முடிந்த பின்னும் அப்பெயர் நிலைத்தது.

மீட்போர் நாடும் வண்டி

மேக் உடன்பிறப்புகள் 1900ஆம் ஆண்டில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் தொடங்கிய தொழில், 1905ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலத்தின் ஆலன்டவுன் நகருக்கு இடம்பெயர்ந்து வளர்ந்தது. அங்கு வளர்ந்த நிறுவனம் உருவாக்கிய வண்டிகளுள் பழஞ்சரக்குந்து ஆர்வலர் பலரும் விரும்பித் தேடுவது ‘பி’ வரிசை ஆகும். 1953 முதல் 1966 வரை அவ்வரிசையில் 1,27,786 வண்டிகள் உருவாயின. உருண்ட முகப்பும் வளைந்த சக்கரக் காப்புகளும் அவற்றின் அடையாளங்கள். ‘தெர்மோடைன்’ என்னும் ஆறு உருளை டீசல் இயந்திரம் அவ்வரிசையில் பெயர்பெற்றது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 11 லிட்டர்.

மரம், நிலக்கரி, பால், கட்டுமானப் பொருள் எனப் பலவற்றையும் சுமந்த இவ்வண்டிகள் காலப்போக்கில் பண்ணை மூலைகளிலும் பட்டறைப் புறக்கடைகளிலும் கைவிடப்பட்டன. அவற்றைத் தேடியெடுத்து மீட்போர் இன்று அமெரிக்கா முழுவதும் உள்ளனர். 1971ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அமெரிக்கச் சரக்குந்து வரலாற்றுக் கழகம் அத்தகையோரை ஒருங்கிணைக்கிறது. மகிழுந்தைப் போலச் சரக்குந்து செல்வத்தின் காட்சிப்பொருளாக இருந்ததில்லை. அதனைப் பேணுவது, அதனை ஓட்டியவர்களின் உழைப்பையும் உருவாக்கியவர்களின் திறனையும் பேணுவதாகும்.

கை வைக்குமுன் கண்

பழைய வண்டியைக் கண்டவுடன் உப்புத்தாளை எடுப்பவர் தேர்ந்த கைவினைஞர் அல்லர். முதலில் வண்டியைப் படிக்க வேண்டும். சட்டகத்தில் பொறிக்கப்பட்ட எண்ணைக் கண்டறிவது முதற்பணி. அவ்வெண்ணைக் கொண்டு, அவ்வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது எந்த இயந்திரமும் எந்தப் பல்லிணைப் பெட்டியும் எந்த வண்ணமும் கொண்டிருந்தது என்பதை அறிய இயலும். மேக் நிறுவனத்தின் வரலாற்று அருங்காட்சியகம் ஆலன்டவுனில் இத்தகைய உருவாக்கப் பதிவேடுகளைப் பேணிவருகிறது.

அடுத்தது ஒளிப்படப் பதிவு. ஓர் உறுப்பைக் கழற்றுமுன்னும் கழற்றிய பின்னும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். மரையாணிகளைத் தனித்தனிப் பைகளில் இட்டுப் பெயர் எழுத வேண்டும். ஓராண்டு கழித்து அவ்வுறுப்பைத் திரும்பப் பூட்டும்போது நினைவு துணைநிற்காது, எழுத்தே துணைநிற்கும்.

இந்நிலையில் ஒரு முடிவும் எடுத்தாக வேண்டும். வண்டியை ஓடும் நிலைக்குக் கொண்டுவருவது பழுதுநீக்கம். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் நிலைக்குக் கொண்டுவருவது மீட்டமைப்பு. இன்றுள்ள நிலை மேலும் கெடாமல் நிறுத்துவது காப்பு. கதவில் கையால் எழுதப்பட்ட பழைய உரிமையாளரின் பெயர் மங்கலாகத் தெரிகிறது எனக் கொள்வோம். மீட்டமைப்பவர் அதனை நீக்கிப் புதுவண்ணம் தீட்டுவார். காப்பவர் அதனை அப்படியே விட்டு, அதன்மேல் மெழுகு மட்டும் பூசுவார். இரண்டும் தவறல்ல. ஆனால், எழுத்து அழிந்தபின் மனம் மாறினால் பயனில்லை.

துருவை வெல்லுதல்

இரும்பு, நீர், உயிர்வளி ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் துரு தோன்றுகிறது. துரு என்பது நீரேறிய இரும்பு ஆக்சைடு. தான் தோன்றிய இரும்பைவிட அது மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்ளும். மரையாணியின் புரிகளுக்கிடையே துரு ஏறினால், ஆணியும் மரையும் ஒன்றையொன்று நெருக்கி இறுகிக்கொள்வதற்கு இதுவே காரணம். அத்தகைய ஆணியை வலுக்கொண்டு திருகினால் தலை முறிந்துவிடும். ஊடுருவும் எண்ணெயை இட்டு, ஓரிரு நாள் காத்திருந்து, மெல்லத் தட்டி, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். அதற்கும் இணங்காவிடில் மரையைச் சூடாக்குவர். மரை விரிவடையும்போது துருவின் பிடி தளர்கிறது. பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி பட்டறைக்கும் பொருந்துவதே.

சிறிய எஃகு உறுப்புகளின் துருவை அகற்ற மின்பகுப்பு முறை பெரிதும் பயன்படுகிறது. நெகிழித் தொட்டியில் நீரை நிரப்பி, லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி அளவில் சலவைச் சோடாவைக் கரைப்பர். துருப்பிடித்த உறுப்பை மின்கல மின்னேற்றியின் எதிர்முனையோடு இணைப்பர். நேர்முனையில் பயனற்ற இரும்புத் தகடு ஒன்றை இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாதவாறு கரைசலில் தொங்கவிடுவர். மின்னோட்டம் பாயும்போது உறுப்பின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் குமிழிகள் எழுகின்றன. துருவின் ஒரு பகுதி ஒடுக்கமடைகிறது. எஞ்சியது தளர்ந்து உதிர்கிறது. நல்ல இரும்பு தேய்வதில்லை என்பதே இம்முறையின் சிறப்பு. உப்புத்தாளோ கம்பித் தூரிகையோ துருவோடு இரும்பையும் சேர்த்தே தேய்க்கும்.

எனினும், இம்முறைக்கும் வரம்புகள் உண்டு. ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றும் ஆதலால், காற்றோட்டமான இடத்திலேயே இதனைச் செய்ய வேண்டும். நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகைத் தொங்கவிடலாகாது; அதிலுள்ள குரோமியம் நச்சுத்தன்மையுடைய சேர்மமாகக் கரைசலில் கலக்கும். கடினமாக்கப்பட்ட எஃகு விற்களையும் இத்தொட்டியில் இடலாகாது. ஹைட்ரஜன் அவற்றின் உள்ளே புகுந்து நொறுங்கும் தன்மையை உண்டாக்கக்கூடும். அலுமினியத்தை இட்டால் காரக் கரைசல் அதனை அரித்துவிடும்.

உலோகம்தோறும் ஒரு வழி

மெருகேற்றல் என்பது பளபளப்பை மேலே பூசுவதன்று. மேடுகளைத் தேய்த்து நீக்கிப் பரப்பைச் சமமாக்குவதே மெருகேற்றல். கரடான பரப்பில் படும் ஒளி பல திசைகளிலும் சிதறுகிறது. சமமான பரப்பில் படும் ஒளி ஒரே ஒழுங்கில் திரும்புகிறது. நாம் பளபளப்பு என்பது அந்த ஒழுங்கையே. ஆகவே, ஒவ்வொரு முறை மெருகேற்றும்போதும் உலோகத்தின் ஒரு மெல்லிய படலம் நம்மைவிட்டு நீங்குகிறது. இதனை நினைவிற்கொண்டு ஒவ்வோர் உலோகத்தையும் அணுக வேண்டும்.

அலுமினியம்: எரிபொருள் தொட்டி, சக்கரம், படிக்கட்டு முதலியன சில வண்டிகளில் அலுமினியத்தால் ஆனவை. காற்றுப்பட்டவுடன் அலுமினியத்தின்மேல் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலம் உருவாகிறது. அதுவே அவ்வுலோகத்தின் கவசம். ஆண்டுக்கணக்கில் மழையும் சாலை உப்பும் படும்போது பரப்பு வெளுத்துக் குழிவிழுகிறது. அதனைச் சீராக்க, 320 எண் உப்புத்தாளில் தொடங்கி 400, 600, 800, 1000 எனப் படிப்படியாக மென்மையான தாளுக்குச் செல்வர். எண் கூடக்கூடத் தாளின் துகள் நுண்மையாகும். ஒவ்வொரு தாளாலும் முந்தைய கீறல்களுக்குக் குறுக்காகத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் பழைய கீறல் முற்றும் மறைந்ததா என்பது தெரியும். ஒரு படியைத் தாவினால், இறுதியில் மெருகு ஏறியபின் அக்கீறல் ஒளியில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். மீண்டும் முதற்படிக்கே திரும்ப நேரும்.

உப்புத்தாளுக்குப் பின் துணிச்சக்கரம். சுழலும் துணியில் மெருகுக்கட்டியைத் தேய்த்து, அதன்மேல் உலோகத்தைப் பிடிப்பர். பழுப்புநிறக் கட்டி முதலிலும் வெண்ணிறக் கட்டி பின்னருமாகப் பயன்படும். ஓரிடத்திலேயே அழுத்திப் பிடித்தால் சூடேறிப் பரப்பு இழுபட்டுக் கெடும். இத்தனை பாடுபட்டுப் பெற்ற மெருகின்மீதும் ஆக்சைடு படலம் உடனே தோன்றத் தொடங்குகிறது. எனவே, அலுமினியத்தின் மெருகு ஒருநாளில் முடிவதன்று, பேணிவந்தாலே நிலைக்கும்.

பித்தளையும் செம்பும்: பழைய ரேடியேட்டர்களின் உட்கூறுகள் செம்பாலும் பித்தளையாலும் ஆனவை. குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவதை நம் இல்லங்களில் கண்டிருக்கிறோம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் ஆக்சைடைக் கரைக்கிறது. பித்தளை உறுப்புகளுக்கும் இவ்வேதியியலே அடிப்படை. ஆனால், அமிலத்தை நெடுநேரம் விட்டுவைத்தால் பித்தளையிலுள்ள துத்தநாகம் வெளியேறி, பரப்பில் செம்மை படரும். புளியை நெடுநேரம் ஊறவிட்ட விளக்கில் திட்டுத்திட்டாகச் சிவப்பு தெரிவது இதனாலேயே. துலக்கியபின் நன்கு கழுவி ஈரமின்றி உலர்த்த வேண்டும்.

குரோமிய முலாம்: நாய்ச்சிலை, முகப்புவிளக்கின் வளையம், முன்தடுப்பு ஆகியவற்றில் வெள்ளிபோல் ஒளிர்வது குரோமிய முலாம். பார்வைக்குத் தடித்த உலோகம்போல் தோன்றினும், அழகுக்காக இடப்படும் குரோமியப் படலத்தின் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டரைக்கூட எட்டுவதில்லை. அதன் கீழே நிக்கலும், பல உறுப்புகளில் அதற்கும் கீழே செம்பும் இருக்கும். துருவைத் தடுப்பதில் பெரும்பங்கு நிக்கலுக்கே உரியது. இத்தகைய பரப்பில் உப்புத்தாளைப் பயன்படுத்துவது அழிவுக்கு வழி. குரோமியம் தேய்ந்துபோனால் மஞ்சள்சாயல் கொண்ட நிக்கல் வெளிப்படும். சிறு துருப்புள்ளிகள் மட்டும் இருந்தால், சமையலறையில் பயன்படும் அலுமினியத் தாளை நீரில் நனைத்து மெல்லத் தேய்த்தாலே அவை நீங்கிவிடும். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது ஆதலால் முலாம் கீறுபடாது. முலாம் உரிந்துவிட்டால் பழைய படலங்களை நீக்கி, அடியுலோகத்தைச் சமமாக்கி, மீண்டும் முலாமிட வேண்டும். முலாம் என்பது அடிப்பரப்பின் குறையை மறைப்பதில்லை, மிகைப்படுத்தியே காட்டும். முலாமிடும் கரைசல்கள் நச்சுடையவை. எனவே, அப்பணியை உரிய ஏற்பாடுள்ள கூடங்களிலேயே செய்விக்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

பொற்கொல்லர்கள் பொன்னுக்கும் வெள்ளிக்கும் இறுதி மெருகேற்றப் பயன்படுத்தும் செந்நிறத் தூள், நுண்ணிதாக்கப்பட்ட இரும்பு ஆக்சைடே ஆகும். இரும்பைத் தின்னும் துருவின் இனத்தைச் சேர்ந்த பொருளே, பொன்னுக்கு ஒளியூட்டும் மெருகுத்தூளும் ஆகிறது. அதுபோலவே, அலுமினியத்தின்மேல் படியும் ஆக்சைடும் உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் தேய்ப்புத்துகளும் பெரும்பாலும் ஒரே சேர்மம்தான்.

மறைந்திருக்கும் தீங்கு

பழைய சரக்குந்து தன் காலத்தின் அறியாமையையும் சுமந்து நிற்கிறது. அக்காலப் பிரேக் உறுப்புகளில் கல்நார் கலந்திருந்தது. அதன் இழைகளை நெடுங்காலம் சுவாசித்தோர்க்கு நுரையீரல் நோயும் புற்றுநோயும் உண்டாயின. ஆதலால், பிரேக் உருளையிலுள்ள தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதலாகாது. பழைய வண்ணப்பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அவற்றையும் உலர்நிலையில் தேய்க்கலாகாது. இரண்டிலும் தூசி எழாதவாறு ஈரப்படுத்தி, தகுந்த மூச்சுக்காப்பு அணிந்தே பணிசெய்ய வேண்டும். மணலை வீசித் துருவகற்றும் பழைய முறையும் சிலிக்காத் தூசியால் நுரையீரலைக் கெடுப்பதாகும். அதற்கு மாற்றாக வேறு துகள்கள் இன்று பயன்படுகின்றன.

வெறுமையான எரிபொருள் தொட்டி நிரம்பிய தொட்டியைவிட ஆபத்தானது. உள்ளே எஞ்சிய ஆவி காற்றோடு கலந்து நிற்பதால், பற்றவைப்புப் பொறி பட்டவுடன் வெடிக்கக்கூடும். பல துண்டுகளாலான பழைய சக்கர வளையங்களில் காற்றடைக்கும்போது, துருவேறிய பூட்டுவளையம் தெறித்து உயிரைப் பறித்ததும் உண்டு. அதனால், இரும்புக் கூண்டுக்குள் வைத்தே அவற்றில் காற்றடைப்பர். மெருகுச் சக்கரத்தில் பணிசெய்வோர் தொங்கும் ஆடையைத் தவிர்க்க வேண்டும்; பொருளைச் சக்கரத்தின் நடுக்கோட்டுக்குக் கீழே பிடிக்க வேண்டும். பொருளின் விளிம்பு சுழற்சிக்கு எதிராக நின்றால், சக்கரம் அதனைப் பறித்து எறிந்துவிடும்.

எங்கே நிறுத்துவது?

மெருகேற்றும் கைக்கு ஓர் ஆசை உண்டு. ஓர் உறுப்பு ஒளிர்ந்தவுடன் அதன் அருகிலுள்ளது மங்கலாகத் தெரியும். அதனையும் ஒளிரச்செய்ய மனம் விழையும். இவ்வாறு தொடர்ந்தால், தொழிற்சாலையில் ஒருநாளும் பளபளத்திராத வார்ப்பிரும்பு உறுப்பும் கண்ணாடிபோல் மின்னத் தொடங்கும். வார்ப்பு எண்கள் தேய்ந்து மறையும். அச்சு உருவாக்கியவரின் கைத்தடமும், வார்த்த நாளின் குறிப்பும் அவற்றோடு மறையும். அந்த எண்களே அவ்வுறுப்பு அவ்வண்டிக்கு உரியது என்பதற்குச் சான்று. ஒரு கல்வெட்டை அழகாக்கக் கருதி எழுத்துகளைத் தேய்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

இதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. தடையமைப்பிலும் திசைதிருப்பு அமைப்பிலும் உள்ள உறுப்புகளில் மயிரிழை போன்ற விரிசல் இருக்கக்கூடும். அதன்மேல் துணிச்சக்கரம் ஓடினால் உலோகம் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும். கண்ணுக்கு உறுப்பு குறையற்றதாகத் தோன்றும். ஆனால் சுமையேற்றிய வண்டி சரிவில் இறங்கும்போது அது முறியக்கூடும். ஆகவே, இத்தகைய உறுப்புகளை முதலில் தூய்மைசெய்து, விரிசல் உண்டா எனச் சோதித்து, உறுதி உடையதென அறிந்த பின்னரே தோற்றத்தைப் பற்றி எண்ண வேண்டும்.

மசூரியின் நாய்ச்சிலைக்கே மீண்டும் வருவோம். மேக் வண்டிகளில் ஒரு மரபு நிலைபெற்றுள்ளது. இயந்திரம், பல்லிணைப் பெட்டி, அச்சு ஆகிய இயக்க உறுப்புகள் அனைத்தும் மேக் நிறுவனத்தினுடையவையாக இருந்தால், முகப்பில் நிற்கும் நாய் பொன்னிறமாக இருக்கும். அவற்றுள் வேறு நிறுவனத்தின் உறுப்பு இடம்பெற்றிருந்தால், நாய் வெள்ளிநிறக் குரோமியமாக இருக்கும். எட்ட நின்று காண்பவரும் வண்டியின் உள்ளமைப்பை அதனால் அறியலாம். வேறு இயந்திரம் பூட்டிய வண்டியின்மேல் பொன்னிற நாயை நிறுத்துவது எளிது. முலாமிடும் கூடத்தில் சில நாள் வேலை. ஆனால், அதன்பின் அவ்வண்டி காண்போர் ஒவ்வொருவரிடமும் பொய்யுரைத்துக்கொண்டே ஓடும்.

தேர்ந்த கைவினைஞர் வெள்ளிநிற நாயை வெள்ளிநிறமாகவே துலக்கி நிறுத்துவார். உப்புத்தாளின் எண்களையும் மெருகுக்கட்டியின் நிறங்களையும் சில வாரங்களில் எவரும் கற்றுவிடலாம். ஒளிர வேண்டிய உறுப்பை ஒளிரவிட்டு, மங்கலாக இருக்க வேண்டியதை மங்கலாகவே விடும் தெளிவு, வண்டியை நெடுநாள் படித்தவர்க்கே வாய்க்கும்.